கூட்டங்களின் உள்ளமைப்பும் நம் மாணவர் கல்வியும்

விழா மலர் ஒன்றிற்குக் கட்டுரை வேண்டுமென்று கேட்கப்படும் பழைய மாணவர் பெரும்பாலும் தம் காலத்து ஆசிரியர்களைப் போற்றுவர்; அன்றி விளையாட்டு மைதானத்து வெற்றிகளை நினைவுகூர்வர். இரண்டும் தக்கனவே. அவற்றை எழுத என்னினும் வல்லார் பலர் உளராதலின், யான் கணிதம் பற்றி ஒரு கருத்தைக் கூறி, அதன்மேல் நம் கல்லூரியார்க்கு ஒரு விண்ணப்பமும் செய்ய விரும்புகின்றேன். உயர்தர வகுப்பிற் கணிதம் பயிலும் நம் மாணவர்க்குக் கிழமைக்கு ஒரு மணி நேரமேனும் பரீட்சையோடு தொடர்பில்லாத கணிதம் கற்பிக்கப்படல் வேண்டும் என்பது என் கருத்து. அதற்கு மிகப் பொருத்தமான பொருள், முடிவுள்ள களங்களின் மேல் அமைந்த தாயக் கூட்டங்களும் அவற்றின் உட்கூட்டங்களுமே என்பது என் துணிபு.

பெயரைக் கேட்ட அளவிலேயே அஞ்சுவார் உளர். பல்கலைக்கழகத்தார்க்கு உரிய பொருளைப் பள்ளி மாணவன் தலையில் ஏற்றுவதா என்று வினவுவர். அவர்கள் சற்றுப் பொறுத்து, இப்பொருள் எங்கே தொடங்குகின்றது என்று பார்ப்பாராக. ஐந்து மணிகளே உள்ள ஒரு கடிகாரத்தை எண்ணிக்கொள்க. பூச்சியம் முதல் நான்கு வரை ஐந்தே எண்கள். மூன்றும் நான்கும் கூட்டினால் ஏழு. ஐந்தைக் கழித்தால் எஞ்சுவது இரண்டு. மூன்றை நான்காற் பெருக்கினாற் பன்னிரண்டு, அதுவும் இரண்டே. மூன்றை இரண்டாற் பெருக்கினால் ஆறு, அஃதாவது ஒன்று. ஆகவே இவ்வுலகில் மூன்றின் தலைகீழ் இரண்டு ஆகும். பூச்சியம் ஒழிந்த ஒவ்வோர் எண்ணுக்கும் இவ்வாறு ஒரு தலைகீழ் உண்டு. ஐந்திற்குப் பதிலாக எந்த முதன்மை எண்ணைக் கொண்டாலும் இது பொருந்தும். இதுவே முடிவுள்ள களம். எட்டாம் வகுப்பு மாணவன் ஒரு மாலைப் பொழுதில் இதனை விளங்கிக்கொள்வான்.

நம் பாடசாலைகளில் இரண்டுக்கு இரண்டு தாயங்களைப் பெருக்கவும், துணிகோவை பூச்சியமல்லாத தாயத்திற்கு நேர்மாறு காணவும் கற்பிக்கின்றார்கள். அத்தாயங்களின் உறுப்புக்களை மேற்கூறிய சிறு களத்திலிருந்து எடுத்தால் நிகழ்வது யாது? நேர்மாறுடைய தாயங்கள் எண்ணிக்கைக்குள் அடங்கிவிடுகின்றன. முதன்மை எண்ணைப் ப என்று குறிப்போம். முதல் நிரல் பூச்சியமாதல் கூடாது. ஆகவே அதற்கு ப² − 1 வகை. இரண்டாம் நிரல் முதல் நிரலின் மடங்காதல் கூடாது. ஆகவே அதற்கு ப² − ப வகை. இரண்டையும் பெருக்கினால் தொகை கிடைக்கின்றது. ப மூன்றாயின் 48, ஐந்தாயின் 480, ஏழாயின் 2016. இத்தாயங்களுள் எந்த இரண்டைப் பெருக்கினாலும் அத்தொடைக்கு உள்ளேயே விடை கிடைக்கும். நேர்மாறும் உள்ளேயே உண்டு. இத்தகைய அமைப்பையே கூட்டம் என்கின்றோம். தமிழகத்து நூலோர் இதனைக் குலம் என்பர். நம் நாட்டிலும் அந்நாட்டிலும் குலம் என்னுஞ் சொல் பட்டிருக்கும் பாட்டை அறிந்தவனாதலின் யான் கூட்டம் என்றே எழுதுகின்றேன். அதனுள் அடங்கித் தானும் கூட்டமாய் நிற்பது உட்கூட்டம்.

இனி, இக்கூட்டத்தினுள் என்ன என்ன உட்கூட்டங்கள் உள்ளன என்பதே வினா. வினா எளிது, அதன் விடை தேடிச் சென்றோர் வரலாறு இருநூறு ஆண்டுகளை எட்டுகின்றது.

அதனைத் தொடங்கியவன் எவரிஸ்ட் கல்வா என்னும் பிரெஞ்சு இளைஞன். முடிவுள்ள களங்கள் பற்றி 1830ஆம் ஆண்டிற் கட்டுரை வெளியிட்டவனும் அவனே. 1832ஆம் ஆண்டு மே மாதம் 29ஆந் தேதி, மறுநாள் நிகழவிருந்த துவந்த யுத்தத்தில் உயிர் போகலாம் என்று எண்ணித் தன் நண்பன் ஒகுஸ்த் ஷெவாலியேக்கு ஒரு கடிதம் எழுதினான். 31ஆந் தேதி இறந்தான். அப்போது அவனுக்கு வயது 20. அக்கடிதத்தில், துணிகோவை ஒன்றாகவுள்ள இரண்டுக்கு இரண்டு தாயங்களை எடுத்து, ஒரு தாயத்தையும் அதன் எதிர்மறையையும் ஒன்றாகக் கருதிப் பெறும் கூட்டத்தைப் பற்றி ஒரு செய்தி உண்டு. அக்கூட்டத்தின் உறுப்புக்கள், ப மூன்றோ அதனின் மிக்கதோ ஆயின், ப(ப² − 1)/2 ஆகும். ப பதினொன்றின் மிக்கதாயின், ப பொருள்களை இடம் மாற்றி அடுக்கும் செயல்களாக இக்கூட்டத்தைக் காட்டல் இயலாது என்றும், 5, 7, 11 ஆகிய மூன்றற்கும் இயலும் என்றும் அவன் கூறினான். உட்கூட்டங்களின் மொழியில் இதனைச் சொல்வதானால், முழுக்கூட்டத்தின் ப-இல் ஒரு பங்காய் அமையும் உட்கூட்டம் இம்மூன்று எண்களுக்கே உண்டு என்பதாம். நம் கணக்கிற் சிறுமையான இரண்டையும் மூன்றையும் இங்கே விட்டுவிடுகின்றேன்.

கல்வாவின் எழுத்துக்களை லியூவில் என்னும் கணிதர் 1846ஆம் ஆண்டில் அச்சேற்றினார். பதினான்கு ஆண்டுகள் அவை கிடந்த கிடையை எண்ணும்போது, கலித்தொகையை 1887ஆம் ஆண்டில் அச்சிற் கண்ட நம் சிறுப்பிட்டிச் சி. வை. தாமோதரம்பிள்ளையவர்களின் நினைவு எனக்கு வருவதுண்டு. பிள்ளையவர்கள் பிறந்த ஆண்டும் 1832 என்பது தற்செயலே ஆயினும், மனத்திற் பதிந்துவிட்டது.

கல்வா கூறியது ஏன் உண்மையாயிற்று என்பதை நம் மாணவன் தன் கையாலேயே கண்டுகொள்ளலாம். அதற்கு ஒரு பட்டியல் வேண்டும். லெனாட் டிக்சன் என்னும் அமெரிக்கக் கணிதர் 1901ஆம் ஆண்டில் லைப்சிக் நகரில் வெளியான தம் நூலில் அப்பட்டியலைத் தந்திருக்கின்றார். மேற்கூறிய கூட்டத்தின் உட்கூட்டம் ஒவ்வொன்றும், அது முழுக்கூட்டமே ஆகாதவிடத்து, பின்வருவனவற்றுள் ஒன்றில் அடங்கும். ஒரு நேர்கோட்டை அசையாமல் வைக்கும் தாயங்கள் ஒருவகை. இவற்றின் தொகை ப(ப − 1)/2. இன்னொரு வகை இருமுகக் கூட்டங்கள். இவற்றுட் பெரியன ப − 1, ப + 1 என்னும் தொகையின. எஞ்சியவை மூன்று. அவை நான்முகியின் சுழற்சிகள் 12, சதுரமுகியின் சுழற்சிகள் 24, இருபதுமுகியின் சுழற்சிகள் 60. வேறு இல்லை.

ப-இல் ஒரு பங்காகிய உட்கூட்டம் உளதாயின் அதன் உறுப்புக்கள் (ப² − 1)/2 ஆதல் வேண்டும். இது முதல் வகையின் தொகையாகிய ப(ப − 1)/2-ஐ விடப் பெரிது. இருமுகக் கூட்டத்தின் ப + 1-ஐ விடவும், ப மூன்றின் மிக்கவிடத்து, பெரிது. எனவே அது சுழற்சிக் கூட்டங்களுள் ஒன்றாதல் வேண்டும். ப ஐந்தாயின் (ப² − 1)/2 பன்னிரண்டு. ப ஏழாயின் இருபத்துநான்கு. ப பதினொன்றாயின் அறுபது. நான்முகி, சதுரமுகி, இருபதுமுகி! அடுத்த முதன்மை எண் பதின்மூன்று, அதற்கு 84. அத்தொகைக்கு ஏற்ற சுழற்சிக் கூட்டம் இல்லை. அதன்மேல் தொகை வளர்ந்துகொண்டே போகும். கல்வாவின் கூற்று முற்றுப்பெற்றது. பழங்கிரேக்கர் ஆராய்ந்த ஒழுங்கான திண்மங்கள், ஐந்தும் ஏழும் பதினொன்றும் ஆகிய எண்களின் கடிகாரக் கணிதத்தினுள் வந்து நிற்கும் இக்காட்சியைக் கண்ட மாணவன், கணிதம் என்பது கடந்த கால வினாத்தாள்களின் தொகுப்பு என்று மீண்டும் எண்ணுவானா?

இதனையே யான் முதன்மையான காரணமாகக் கொள்கின்றேன். பௌதிகத்திற்கும் இரசாயனத்திற்கும் ஆய்வுகூடம் வேண்டும், கருவி வேண்டும், அவற்றைப் பேணுவார் வேண்டும். எத்தனை பாடசாலைகளில் அவை உள்ளவாறு உள்ளன என்பதை ஆசிரியர் அறிவர். கூட்டங்களை ஆராய்வதற்கு வேண்டுவது கொப்பியும் பென்சிலுமே. எண்ணிக்கை முடிவுள்ளதாகலின் மாணவன் தன் ஊகத்தைத் தானே சோதிக்கலாம். பிழைத்தால் எங்கே பிழைத்தது என்று தேடலாம். தேறினால் ஏன் தேறிற்று என்று கேட்கலாம். அதுவே ஆய்வு. மின்சாரமும் வாயு அடுப்பும் இல்லாத ஓர் ஆய்வுகூடம் நம் மேசைமேல் இருக்கும்போது அதனைத் திறவாது வைத்திருக்கின்றோம்.

இனி, பொருளின் ஆழத்தைச் சிறிது காட்டுதல் வேண்டும். இல்லையேல் யான் விளையாட்டுக் கணக்கொன்றைப் பெரிதாகப் பேசுகின்றேன் என்று தோன்றும்.

நேர்மாறுடைய தாயங்களின் கூட்டம் ஒரு பெரிய குடும்பத்தின் உறுப்பினரே. பல்லுறுப்பிச் சமன்பாடுகளால் வரையறுக்கப்படும் தாயக் கூட்டங்களை அட்சரகணிதக் கூட்டங்கள் என்பர். அவற்றுட் சில, ஆங்கிலத்தில் 'ரிடக்டிவ்' என்னும் அடைமொழி பெற்றவை, தனிச் சிறப்புடையன. மூலைவிட்டத்தில் ஒன்றும் அதன் கீழே பூச்சியமும் கொண்ட தாயங்களை ஒத்தவற்றாலாய, தொடர்ச்சியுடைய, செவ்வன் உட்கூட்டம் எதுவும் இவற்றில் இல்லை என்பதே அச்சிறப்பு. ஒன்றை மட்டுமே கொண்ட அற்பக் கூட்டத்தை நீக்கிக் கூறுகின்றேன். 1955ஆம் ஆண்டில் குளோட் ஷெவாலே என்னும் கணிதர் இத்தகைய கூட்டங்களை எந்தக் களத்தின் மேலும் கட்டுதற்கு ஒரே முறையை யப்பானியச் சஞ்சிகை ஒன்றில் வெளியிட்டார். கல்வாவின் நண்பன் ஷெவாலியே; இவர் ஷெவாலே. பெயர்களைக் குழப்பிக்கொள்ளும் மாணவன் தண்டிக்கப்படலாகாது.

முடிவுள்ள களத்தின் மேல் அமைந்த இக்கூட்டங்களை ஆராய்வோர் முதலில் முடிவில்லாத ஒன்றுக்கு ஏறிச் செல்கின்றனர். ப எண்களே கொண்ட களத்தை, ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் தீர்வு உண்டாகும் வரையில் விரித்தால் முடிவிலாக் களம் ஒன்று பிறக்கும். அங்கே தாயத்தின் ஒவ்வோர் உறுப்பையும் ப தடவை தன்னோடு தானே பெருக்குவது ஓர் உருமாற்றம். அவ்வுருமாற்றத்தால் மாறாமல் நிற்கும் தாயங்கள் எவையோ அவையே நாம் தொடங்கிய சிறிய கூட்டம். மேலே கேத்திரகணிதம் உதவுகின்றது. தொடர்ச்சி, பரிமாணம் முதலியவை பொருள் பெறுகின்றன. அங்கே கண்டதைக் கீழே கொண்டுவரும் படிக்கட்டை 1956ஆம் ஆண்டில் சேர்ஜ் லாங் அமைத்தார். தொடர்ச்சியுடைய கூட்டத்தில் எந்த உறுப்பும், ஓர் உறுப்பின் நேர்மாறையும் அதே உறுப்பின் உருமாறிய வடிவத்தையும் பெருக்கிப் பெறத்தக்கது என்பதே அவர் தேற்றம். ஒரு வரியில் அடங்கும் இத்தேற்றத்தினின்று பெருகியவை பல.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். இதில் எனக்குத் தனி விருப்பம் உண்டு. மூலைவிட்டத் தாயங்களின் கூட்டத்தையும், விரிந்த களத்திற் சென்று நோக்கும்போது அதனைப் போலவே தோன்றும் உட்கூட்டங்களையும் தோரசு என்பர். அவற்றுட் பெரியவை பற்றியே இங்குப் பேசுகின்றேன். விரிந்த களத்தில் எல்லாத் தோரசுகளும் ஒன்றற்கொன்று இணையானவை. ஒன்றைக் கண்டவன் அனைத்தையுங் கண்டவனாவான். சிறிய களத்திற்கு இறங்கியதும் அவை வகைபிரிகின்றன. இரண்டுக்கு இரண்டு தாயங்களில் வகை இரண்டு. மூன்றுக்கு மூன்றில் வகை மூன்று. நான்குக்கு நான்கில் வகை ஐந்து. இவ்வெண்கள் எங்கிருந்து வந்தன? நான்கை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து விதமாகப் பிரிக்கலாம் அன்றோ, அங்கிருந்துதான். தாயத்தின் பருமனை எத்தனை விதமாகப் பிரித்தெழுதலாமோ அத்தனை வகைத் தோரசு என்பது லாங்கின் தேற்றத்தினின்று வரும் முடிபு.

இரண்டுக்கு இரண்டு தாயங்களில் இவ்விருவகைத் தோரசுகளையும் எண்ணிப் பார்ப்போம். களத்தின் மேலுள்ள தளத்தில் தொடக்கப் புள்ளியூடாகச் செல்லும் கோடுகள் ப + 1. அவற்றுள் இரண்டைத் தெரிந்தெடுத்து இரண்டையும் தத்தம் நிலையில் வைத்திருக்கும் தாயங்களைச் சேர்த்தால் முதல் வகைத் தோரசு வரும். ஆகவே அவை ப(ப + 1)/2. இரண்டாம் வகை, இக்களத்தில் மூலமில்லாத இருபடிச் சமன்பாடுகளோடு தொடர்புடையது. ப² உறுப்புக்களைக் கொண்ட அடுத்த களத்தில் புதியனவாக வந்தவை ப² − ப. அவை சோடி சோடியாக நிற்பனவாதலின் இத்தோரசுகள் ப(ப − 1)/2. மூன்றுக்கு 6, 3. ஐந்துக்கு 15, 10. ஏழுக்கு 28, 21. ஒவ்வொரு சோடியையும் கூட்டுக. 9, 25, 49. எஞ்ஞான்றும் ப². இரு வேறு இடங்களில் எண்ணிய இரு வேறு பொருள்கள் சேர்ந்து நிறைவர்க்கம் ஆகின்றன. இது தற்செயலன்று என்பதையும், எல்லா ரிடக்டிவ் கூட்டங்களிலும் தோரசுகளின் மொத்தத் தொகை களத்து எண்ணின் ஓர் அடுக்கே என்பதையும் றொபேட் ஸ்ரைன்பேர்க் நிறுவினார். 1968ஆம் ஆண்டில் வெளிவந்த அவர் ஆய்வுநூலில் இது காணப்படும். நிறுவலைப் பள்ளி மாணவன் விளங்கல் அரிது. ஆயின் 6-உம் 3-உம் 9 ஆவதைக் கண்டு வியத்தற்கு வயது வரம்பு இல்லை.

பின்னர் நிகழ்ந்தவற்றை விரைந்து கூறுவேன். 1971ஆம் ஆண்டில் போரெல், ரிற்ஸ் ஆகிய இருவரும், தன்னுள்ளே செவ்வன் ப-உட்கூட்டம் உடைய எதுவும் மேல்முக்கோணத் தொகுதிகளை ஒத்த பெரிய உட்கூட்டங்களுள் அடங்கிவிடும் என்று காட்டினர். 1984ஆம் ஆண்டில் மைக்கேல் அஷ்பாக்கர், செவ்வியல் தாயக் கூட்டங்களின் பெரும உட்கூட்டங்களை, ஒரு வெளியைப் பேணுவது, வெளியைத் துண்டாக்கிப் பேணுவது என்றாற்போல எட்டு இயற்கையான வகுப்புகளிலும், அவற்றுள் அடங்காதவற்றிற்கு உரிய ஒன்பதாம் வகுப்பிலும் வைத்தார். கிளைட்மனும் லீபெக்கும் 1990ஆம் ஆண்டில் அதனைப் பெருநூலாக விரித்தனர். பருமன் பன்னிரண்டு வரையிலான தாயங்களுக்கு முழு அட்டவணைகள் 2013ஆம் ஆண்டில் நூலாயின. டிக்சன் இரண்டுக்கு இரண்டில் தொடங்கிய வேலை பன்னிரண்டை எட்ட நூற்றாண்டொன்று கடந்தது.

இதனாற் பயன் யாது என்று பெற்றோர் கேட்பர். கேட்பது அவர் உரிமை. இணையத்தில் நாம் அனுப்பும் செய்திகளை மறைத்துக் காக்கும் முறைகள் முடிவுள்ள களங்களையே நிலைக்களனாகக் கொண்டவை என்று விடை கூறி அவர் வாயை அடைத்தல் எளிது, உண்மையும் அதுவே. 2001ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு நியமமாக ஏற்ற மறைமுறை 256 உறுப்புடைய களத்தைக் கையாள்கின்றது. ஆனால் யான் அவ்விடையைச் சார்ந்து நிற்கமாட்டேன். அவ்வாறு நின்றால், நாளை வேறொரு முறை வந்து இதனை நீக்கும்போது, இதனைக் கற்பிக்குங் காரணமும் நீங்கிவிடும். பயன் என்னுஞ் சொல்லைச் சற்று விரித்துப் பொருள் கொள்வதே நன்று. 1972ஆம் ஆண்டில் செர் என்னும் பெருங்கணிதர், நீள்வளைய வரைகள் எனப்படும் முப்படி வளைவுகளின் சமச்சீரை ஆராய்ந்தார். அவ்வளைவு ஒவ்வொன்றும் ஒவ்வொரு முதன்மை எண்ணுக்கும் நம் இரண்டுக்கு இரண்டு தாயக் கூட்டத்தில் ஓர் உட்கூட்டத்தைக் குறித்துக் காட்டும். மிகைச் சமச்சீருடைய சிறப்பு வளைவுகளை விலக்கினால், சில முதன்மை எண்கள் தவிர மற்றெல்லாவற்றுக்கும் அவ்வுட்கூட்டம் முழுக்கூட்டமே என்று அவர் நிறுவினார். எங்ஙனம்? டிக்சனின் பட்டியலைக் கையில் எடுத்து, இது ஆகாது, இதுவும் ஆகாது என ஒவ்வொன்றாக விலக்கினார். விதிமுறு எண்களில் அமைந்த வளைவுகளுக்கு எல்லாம் பொதுவாக ஓர் எல்லை உண்டா என்று செர் எழுப்பிய வினாவில், மேற்கூறிய இரண்டாம் வகைத் தோரசைச் சார்ந்த பகுதி இன்றுவரை முற்றுப்பெறவில்லை. நம் மாணவன் 3, 10, 21 என்று எண்ணிய அதே தோரசுதான். 1995ஆம் ஆண்டில் வெளியான, பேர்மாவின் இறுதித் தேற்றத்திற்கு அன்றூ வைல்ஸ் கண்ட நிறுவலும், மூன்றின் கடிகாரத்தில் அமைந்த 48 தாயங்களின் கூட்டத்தைத் தன் முதற்படிகளுள் ஒன்றாகக் கொண்டது. அக்கூட்டம் படிப்படியாகக் கழற்றத்தக்க அமைப்புடையது என்பதே அங்கே வேண்டியிருந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. பழைய மாணவர் அதனைச் சிறப்பாகக் கருதல் வேண்டும். முடிவுள்ள எளிய கூட்டங்கள் அனைத்தையும் வகைப்படுத்திய தேற்றம் இருபதாம் நூற்றாண்டின் பெருஞ்செயல்களுள் ஒன்று. முதன்மை எண் தொகையின, மாற்றடுக்குக் கூட்டங்கள், ஷெவாலே வழிவந்த தாயக் கூட்டங்கள், இவற்றிற் சேராத 26 தனிக் கூட்டங்கள் என்பதே அதன் முடிபு. அதன் நிறுவல் ஒருவர் எழுதியதன்று. 1963ஆம் ஆண்டில் வெளிவந்த ஃபைற், தொம்சன் ஆகியோரின் ஒரு கட்டுரை மட்டுமே 255 பக்கம். 1980களின் தொடக்கத்தில் நிறுவல் முடிந்தது என்று அறிவிக்கப்பட்டது. பின்னர் அதன் ஒரு பகுதி எழுதி முடிக்கப்படாமலே கிடந்தமை தெரிந்தது. அஷ்பாக்கரும் சிமித்தும் ஆயிரத்திற்கு மேற்பட்ட பக்கங்களில் 2004ஆம் ஆண்டில் அதனை நிரப்பினர். நிறுவலை முழுவதும் மீள எழுதும் பணியின் முதல் நூல் 1994ஆம் ஆண்டில் வந்தது. அப்பணியை முன்னின்று தொடங்கிய கொறென்ஸ்ரைன் அதற்கு முன்பே, 1992ஆம் ஆண்டில், காலமானார். அச்சில் இருப்பதனால் மட்டும் அறிவு பிழைத்திருப்பதில்லை. வாசிக்கத் தெரிந்தவர் வேண்டும். வாசிக்கக் கற்பிப்பவர் வேண்டும். ஏட்டில் இருந்த நூல்கள் படிப்பாரின்றிச் செல்லரித்த கதையை நமக்கு எவரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

கற்பிப்பவர் ஒருவர் போதும் என்பதற்குச் சான்று அண்மையிலேயே உண்டு. சென்னை இலயோலாக் கல்லூரியில் ஷாள் ரசீன் என்னும் பிரெஞ்சு நாட்டு இயேசு சபைக் குரவர் கணிதம் கற்பித்தார். தம் நாட்டிற் புதிதாய் எழுந்த கணிதத்தை அவர் அறிந்திருந்தார். பாடவிதானம் வேண்டாதவற்றையும் தம் மாணவர்க்கு அறிமுகஞ் செய்தார். அவரிடம் பயின்றவர் காஞ்சிபுரத்திற் பிறந்த சி. எஸ். சேஷாத்திரி, பயின்ற இன்னொருவர் எம். எஸ். நரசிம்மன். சேஷாத்திரி பாரிஸ் சென்று ஷெவாலேயின் சிந்தனைகளோடு பழகினார். ரிடக்டிவ் கூட்டங்களைப் பற்றி மம்ஃபோர்ட் கூறிய ஊகத்தை, இரண்டுக்கு இரண்டு தாயங்களின் நிலையில் 1960களின் இறுதியில் முதலில் நிறுவியவர் அவரே. பொதுநிலையை 1975ஆம் ஆண்டில் ஹபூஷ் நிறுவினார். பின்னாளிற் சென்னையிற் கணித நிறுவனம் ஒன்றை வளர்த்து, 2020ஆம் ஆண்டில் மறைந்தார். ஒரு கல்லூரி, ஓர் ஆசிரியர், பாடத்திட்டத்திற்கு வெளியே சில மணி நேரம்.

நம்மிடையே நிகழ்வது யாது? காலையிற் பாடசாலை, மாலையிலும் விடுமுறையிலும் தனியார் வகுப்பு. ஒரு வினாவைக் கண்டவுடன் அது எந்த ஆண்டு வினாத்தாளின் சாயல் என்று கூறும் ஆற்றலை நம் பிள்ளைகள் வியக்கத்தக்க அளவிற் பெற்றுவிட்டனர். விடை தெரியாத ஒரு வினாவோடு இரண்டு நாள் இருக்கும் பழக்கத்தை எவரும் அவர்க்குக் கொடுப்பதில்லை. பல்கலைக்கழகத்திற் புகுந்த பின்னர், தூயகணித விரிவுரையிற் கூட்டம் என்பதன் வரைவிலக்கணத்தை முதன்முதலாகக் கேட்கும்போது, அதுவும் ஆங்கிலத்தில், அவர் திகைத்து வேறு பாடம் நாடுகின்றனர். இப்படி விலகிய நல்ல மாணவர் பலரை யான் அறிவேன். தாயம், துணிகோவை, தொடை என்று நல்ல சொற்களைக் கொண்டு உயர்தர வகுப்பு வரை தமிழிற் கணிதம் கற்பித்துவிட்டு, அதன்மேல் ஒரு படிக்குத் தமிழில் ஒரு சிறு கைந்நூல்தானும் அவர் கையிற் கொடுக்காமல் விடுவது முறையா?

ஆசிரியர்மேற் குறை கூறுதல் என் நோக்கமன்று. பாடத்திட்டத்தை முடிப்பதற்கே காலம் போதாது தவிப்போர் அவர். பரீட்சையைப் புறக்கணிக்கவும் யான் சொல்லவில்லை. அதன்மேல்தான் நம் பிள்ளைகளின் வாழ்வு தங்கியிருக்கின்றது என்பதை எவன் மறுப்பான்? வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்தபின் ஒரு மணி நேரத்தைக் கணித மன்றத்திற்கு ஒதுக்குவதால் எந்தப் பெறுபேறும் குன்றிவிடாது. வருகைப் பதிவு வேண்டாம், புள்ளி வேண்டாம், சான்றிதழ் கண்டிப்பாக வேண்டாம். விரும்பி வருவோர் எழுவராயினும் நன்று.

விழாவை முன்னிட்டுச் சேரும் நிதியைப் பற்றியும் ஒரு சொல். வளைவும் முகப்பும் கட்டுவதில் நம்மவர்க்கு உள்ள ஆர்வம் யாவரும் அறிந்ததே. கட்டுக, எனக்குப் பகையில்லை. ஆயின் அதன் நூற்றில் ஒரு பங்கை நூல்நிலையத்திற் கூட்டங்கள் பற்றிய சில நல்ல நூல்கள் வாங்கவும், தமிழில் ஐம்பது பக்கத்தில் ஒரு கைந்நூல் எழுதி அச்சிடவும் ஒதுக்குக. எழுதுவதற்குப் பல்கலைக்கழகங்களிற் கணிதம் போதிக்கும் நம் பழைய மாணவர் முன்வருவர் என்று நம்புகின்றேன். அவருட் சிலரேனும் இப்பக்கத்தை வாசிப்பர்.

மன்றம் தொடங்கும்வரை காத்திராது, இவ்விதழைக் கையில் வைத்திருக்கும் மாணவர்க்கு இப்பொழுதே ஒரு வேலை தருகின்றேன். மூன்று எண்களே உள்ள களத்தை எடுத்துக்கொள்க. அதன்மேல் நேர்மாறுடைய மூன்றுக்கு மூன்று தாயங்கள் 26, 24, 18 ஆகியவற்றின் பெருக்கமாகிய 11,232. ஏன் என்பதை இரண்டுக்கு இரண்டிற் செய்தவாறே காண்க. இங்கே தோரசு மூவகை. முதல் வகையில் 234, இரண்டாம் வகையில் 351, மூன்றாம் வகையில் 144; கூட்டினால் 729, அஃதாவது மூன்றின் ஆறாம் அடுக்கு. இம்மூன்று எண்களுள் 234-ஐ மாத்திரம் பெறுதல் எளிது: ஒரே தளத்திற் கிடவாத மூன்று கோடுகளை எத்தனை விதமாகத் தெரியலாம் என்று எண்ணினாற் போதும். மற்றை இரண்டையும் எவ்வாறு பெறுவது என்று கண்டவர், கல்லூரி முகவரியிற் கணித மன்றத்திற்கு எழுதுக.